டீக்காசு கணக்கில் நீலச் சட்டை

உத்திரமேரூரில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பெண், தோழியின் தொடையில் அடித்துச் சொன்னாள்: “அவன் சட்டை கலரெல்லாம் கம்ப்யூட்டர்ல கீதுடி!”

“எவன்டி?”

“எங்க ரைஸ்மில்லுக்கு வர்ற லாரி டிரைவரு. லோடு ஏத்த வந்தா நான்தான் டீக்காசு பத்து ரூபா குடுத்து கணக்குல என்ட்ரி போடணும். அதுக்குக் கீய விவரம் எயுத எடம் கீது. யாரு பாக்கப்போறாங்கன்னு நீல சட்டை, கோடு போட்ட சட்டைன்னு அடிச்சிக்கினே வந்தேன்.”

“ஐயோ!”

“இன்னிக்கு ஓனரு, டீச்செலவு இவ்ளோவான்னு மொத்தத்து மேல கர்சர வச்சி என்டர் தட்டுனாரு. ஒவ்வொரு என்ட்ரியா தொறக்குது. சத்தமா வேற படிக்கிறாரு. வேலை போச்சுன்னு நின்னேன்.”

“அப்பறம்?”

“லோடு கணக்கையும் தொறந்தாரு. ‘இந்த மூணு நாளு மூட்டையே ஏத்தல, இவன் இன்னாத்துக்கும்மா வந்தான்?’ன்றாரு.”

தோழி போட்ட கூச்சலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“நீ இன்னா சொன்னே?”

“தெரியல சார்னேன். சிரிச்சிக்கினே மூடிட்டாரு. நான் அந்த மூணு என்ட்ரிய மட்டும் பிரிண்ட் எடுத்துக்கினு வந்துட்டேன்.” பையிலிருந்து தாளை உருவினாள். “பாருடி, நல்லா கீதுன்னு நான் அவன்கிட்ட சொன்ன அதே நீல சட்டை. மூணு நாளும்!”