தீபாவளிக்கு வரும் டீம்

பொகவந்தலாவை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவர்.

"இந்த வருசம் புட்பால் கப்பு நமக்குத்தாண்ணே. பைனல் தீபாவளி வாரத்துல வருது. கொழும்புக் கடையில நிக்கிற நம்ம பயலுக எல்லாரும் லீவுல வந்துருவாங்க," என்றார் இளையவர்.

"பைனலுக்கு வருவாங்க. அதுவரைக்கும் எவன் வெளையாடுறது?"

"சமாளிக்கலாம்ணே."

"போன வருசம் சமாளிச்ச லட்சணத்ததான் பாத்தோமே. மொத மேட்ச்லயே எட்டு கோல் வாங்குனோம். தீபாவளிக்கு வந்தவனுங்க புது பூட்ஸ மாட்டிக்கிட்டு, பக்கத்து தோட்டத்துக்காரன் கப்பு தூக்குறதுக்குக் கை தட்டிட்டுப் போனானுங்க. வெக்கமா இல்ல?"



நோர்வூட்டில் இறங்க எழுந்த பெரியவர் கேட்டார்: "சரி, மொத மேட்ச்சுக்கு கோல்ல நிக்கிறது யாரு?"

"போன வருசம் மாதிரியே நீங்கதாண்ணே."