தோலுக்கடியில் தண்ணீரா?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மருத்துவர்களே, ஸ்கேன் அறைத் தோழர்களே, எங்கள் பேராசிரியரின் துணைவியாரான அண்ணியாரே, வணக்கம்!

மறைந்த எங்கள் பேராசிரியருக்காக அழத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அவரை நினைத்தால் சிரிப்பல்லவா முந்திக்கொண்டு வருகிறது! 'காந்தக்காரர்' என்று மருத்துவமனையே செல்லமாக அழைத்த எங்கள் பேராசிரியர், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்திலிருந்தே அளந்து சொன்ன மேதை. ஊசி இல்லை, கத்தி இல்லை! புது முறை எது வந்தாலும் முதலில் இயந்திரத்துக்குள் படுப்பவர் அவர்தான். "ஆளைப் பாத்து இவனுக்குக் கொழுப்புன்னு சொல்லாதீங்கப்பா, அளந்து பாத்துச் சொல்லுங்க" என்பார். தன் தொப்பைக்குத் தானே வாங்கிய வக்காலத்து அது! அண்ணியார் சிரிக்கிறார், அவருக்குத் தெரியாததா?

ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். தன் தம்பிக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைத் தர ஓர் அக்கா வந்தார். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. கணினியோ அவர் கல்லீரலில் கொழுப்பு முப்பது சதவீதத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டது. தானம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா வெளியே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "நான் தின்ன தீனியே என் தம்பிக்கு எமனாயிடுச்சே!" என்று அழுதார்.

காந்தக்காரர் அந்த எண்ணைப் பார்த்தாரா? இல்லை, படத்தைப் பார்த்தார்! பார்த்தவர் கத்தினார்: "என்னய்யா இது, இந்தம்மாவுக்குத் தோலுக்கடியில தண்ணியா ஓடுது?"

தோலுக்கடியில் இருப்பது கொழுப்பு என்று யாருக்குத்தான் தெரியாது? படத்தின் மேல்பாதியில் அது நீராகத் தெரிந்தது. அப்படியானால் அங்கே கல்லீரலில் இருந்த நீர் கொழுப்பாகக் கணக்கில் ஏறியிருக்கிறது! காந்தத்துக்குக் கொழுப்பு தரும் பதிலுக்கும் நீர் தரும் பதிலுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. கணினி அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டது. அவரே கூட இருந்து மறுபடியும் படம் எடுக்கவைத்தார். கொழுப்பு நான்கே சதவீதம். "அம்மா, உங்க கல்லீரல் தங்கம்! அழுதது போதும், போய் முதல்ல சாப்பிடுங்க" என்றார்.

அதோடு விட்டாரா? தோலைப் பார்க்காமல் கல்லீரலைப் பார்க்கக் கூடாது என்று அன்றே சட்டம் போட்டார். மறந்தவனை அவர் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

பேராசிரியர் அவர்களே! நீங்கள் இல்லாத அறையிலும் உங்கள் சட்டம் செல்லும். மனிதக் கண் படத்தைப் பார்க்காமல் ஓர் எண்கூட எங்கள் அறையை விட்டு வெளியேறாது. இது நாங்கள் தரும் வாக்கு!

இப்போது ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்போம். பின்வரிசையில் காலடிச் சத்தம் கேட்கும். அந்தத் தம்பியின் மகள் ஓடி விளையாடுகிறாள். சிகிச்சைக்குப் பிறகு பிறந்தவள். அவளை யாரும் அதட்டாதீர்கள்.