பாம்பு முறை

பூதலூரில் மூச்சு வாங்கப் பேருந்து ஏறிய பெண், எனக்கு முன் இருக்கையில் இருந்த தன் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்: "இன்னிக்கு எங்க வீட்டுப் பாம்பு முறைங்க. முடிச்சிட்டு ஓடி வர்றேன்."

"அது என்னங்க முறை?"

"பள்ளிக்கூடத்தைச் சுத்தி வயல்தானே. அறுப்பு ஆரம்பிச்சா பாம்பு உள்ள வந்துடுது. வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி வீட்டுக்கு ஒரு நாள். பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி கம்பால தட்டி, பெஞ்சுக்கு அடியில பார்த்துடணும். இருந்தா தீயணைப்புக்கு ஒரு போன்."

"தண்ணி முறைக்கு மண்வெட்டியத் தூக்குவாங்க. இதுக்குச் சண்டை இல்லையா?"

"ஏன் இல்ல? போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் முறை. அவர் போறதுக்குள்ள மேலத்தெருக்காரர் ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டாரு. இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

"அவர் ஏன் அடுத்தவங்க முறையில போனாரு?"

"பிள்ளை இல்லாத வீடுன்னு அவருக்கு முறையே வைக்காம விட்டுட்டோம். அதான் தானா எடுத்துக்கிட்டாரு."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை எப்பவும் அவருக்குத்தான்னு பேசி முடிச்சாச்சு. ரெண்டு நாள் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். அந்த முறைக்கு மட்டும் யாரும் சண்டைக்கு வரலைங்க."