வெள்ளையடிக்காத சுவர்

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. ஆவடியிலிருந்து அம்பத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க ஊட்டு செவுத்துக்கு மட்டும் வெள்ளையடிக்க உடமாட்டேன்க்கா."

"ஓசில அடிச்சித் தர்றாங்க. இன்னாத்துக்கு வாணாங்கிற?"

"சுகாதார ஆளு மாசாமாசம் வந்து பாத்ததா வெளிச் செவுத்துல தேதி போட்டு கையெழுத்து போடறான்ல, அதுக்குதான். எம் பொண்ணு காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஊடே பூட்டி இருந்துச்சி. அந்தத் தேதிலயும் 'காய்ச்சல் இல்லை'ன்னு எழுதிட்டுப் போய்க்கீறான்."

"தெரியும்டி. கணக்கெடுக்க நானும்தான் கூட வந்தேன்."

"ஆமா, பத்துப் பொம்பளைங்க சேந்து ஊடு ஊடா போய், எல்லாக் கையெழுத்தையும் நோட்டுல எழுதி அதிகாரிகிட்ட குடுத்தோம். செவுத்த நேர்ல வந்து பாக்கறேன்னாரு. அவரு வரல. அவரு ஆபீசுலேர்ந்து சுண்ணாம்பு வாளிதான் வந்துச்சி."

மேனாம்பேடு நிறுத்தத்தில் இறங்க எழுந்த இளையவள், கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

"ஒன் ஊட்டு செவுத்துல எழுத்து அப்டியே கீதாக்கா?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொங்கல் வருதில்ல."