ஹென்றி கரைக்கு வந்திருக்கார்

ராய்ஸ்: ...ஒன்பதரை அடி அக்கா. வாலை நல்லா நீட்டிவிட்டு அளந்தா பத்துகூட வரும். வண்டியில ஏத்தறதுக்குள்ள என் இடுப்பு போச்சு. நீ என்னடான்னா பேனாவை நீட்டற.

ட்வைலா: மெதுவா பேசுடா. சமையல்கட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கு.

ராய்ஸ்: மெதுவா பேசினா அது ஓணான் ஆயிடுமா?

ட்வைலா: அந்த வார்த்தையை விருந்தினர் காதுபட சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

ராய்ஸ்: எந்த வார்த்தை? முதலையா?

ட்வைலா: டேய்.

ராய்ஸ்: இப்பதான் உங்க ரிசார்ட் சாப்பாட்டுக் கூடத்துல மெனு அட்டையைப் பாத்தேன். 'முதலை வறுவல்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பக்கத்துல எலுமிச்சைத் துண்டோட படம் வேற. தட்டுல இருந்தா பேர் சொல்லலாம், தண்ணியில இருந்தா சொல்லக் கூடாது. அப்படித்தானே?

ட்வைலா: எங்களுக்குப் பயிற்சியே அப்படி. 'இங்குள்ள இயற்கை உயிரினங்கள்'னுதான் சொல்லணும்.

ராய்ஸ்: அப்ப நேத்து சாயங்காலம் உங்க ஏரியில அந்த மனுஷன் காலைக் கவ்வினது இயற்கை உயிரினமா? அடடா. தெரியாம வாயைச் சுத்தி டேப்பை ஒட்டிட்டேனே. மரியாதைக் குறைவாப் போச்சு.

ட்வைலா: உனக்கு எல்லாம் கிண்டல். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில நின்னவ நான். குதிகால் போச்சுங்கறார் டாக்டர். கணுக்காலோட எடுக்கணுமா வேண்டாமான்னு மத்தியானம்தான் தெரியும்.

ராய்ஸ்: பேர் என்ன அவருக்கு?

ட்வைலா: ஆர்னே. வடக்க, மினசோட்டாக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். தண்ணி கணுக்கால் அளவுகூட இல்ல. பொண்டாட்டி போட்டோ எடுத்துட்டிருந்திருக்காங்க.

ராய்ஸ்: ஃப்ளோரிடாவுல, ஜூலை மாசம், பொழுது சாயற நேரத்துல, ஏரித் தண்ணியில நின்னுக்கிட்டு. நம்ம ஊர் நாய்கூட அந்த நேரத்துல தள்ளி நின்னுதான் தண்ணி குடிக்கும்.

ட்வைலா: அதைத்தானே நானும் சொல்றேன். இங்க ஒரு பள்ளத்துல மழைத் தண்ணி நின்னாலே அதுல ஒண்ணு வந்து படுத்துக்கும். இது யாருக்குத்தான் தெரியாது?

ராய்ஸ்: மினசோட்டாக்காரனுக்குத் தெரியாது. அங்க பத்தாயிரம் ஏரி இருக்காம். எதுலயும் கொசுவைத் தவிர வேற ஒண்ணும் கடிக்காதாம்.

ட்வைலா: 'நீந்த வேண்டாம்'னு பலகை இருக்கே.

ராய்ஸ்: அவர் நீந்தல அக்கா. நின்னார்.

ட்வைலா: ...சரி, வாதாடறதுக்கு மேல ஆள் இருக்காங்க. நீ இந்த வாக்குமூலத்துல கையெழுத்தைப் போடு. பத்து மணிக்குள்ள கம்பெனித் தலைமையகத்துக்கு அனுப்பணும்.

ராய்ஸ்: அது எங்க இருக்கு?

ட்வைலா: டென்வர்ல.

ராய்ஸ்: மலை மேல. பனி கொட்டற ஊர். அங்க உட்கார்ந்துக்கிட்டு நம்ம ஏரிக்கரையில நடந்ததைப் பாத்து எழுதியிருக்காங்க. நல்ல கண் பார்வை. படி, கேப்போம்.

ட்வைலா: நீயே படிச்சுக்கோ.

ராய்ஸ்: கை பூரா சேறு. படி.

ட்வைலா: ஒண்ணு. 'ராய்ஸ் டியூட்டன் ஆகிய நான், அரசு உரிமம் பெற்ற முதலை பிடிப்பாளர்.'

ராய்ஸ்: பரவாயில்ல. டென்வர் வக்கீலுக்கு அந்த வார்த்தை எழுத வருது.

ட்வைலா: ரெண்டு. 'மேற்படி விலங்கு அண்மை மழையில் கால்வாய் வழியாகப் புதிதாக வந்ததாக இருக்கலாம்.'

ராய்ஸ்: புதுசா?

ட்வைலா: இருக்கலாம்னுதானே போட்டிருக்கு.

ராய்ஸ்: அக்கா, அதுக்கு நீங்க பேர் வெச்சிருக்கீங்க. ஹென்றின்னு. அது தண்ணியை விட்டு ஏறினா, 'ஹென்றி கரைக்கு வந்திருக்கார்'னு வாக்கிடாக்கியில ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறீங்க. மூணு வருஷமா. ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி.

ட்வைலா: அது... விருந்தினர் கேட்டா பயந்துடக் கூடாதுன்னு...

ராய்ஸ்: பயப்படலையே. பாவம், அந்த மனுஷன் கொஞ்சம்கூட பயப்படல.

ட்வைலா: குத்திக் குத்திப் பேசாதே. மூணு. 'விலங்குக்கு மனிதர்கள் உணவளித்ததற்கான அடையாளம் காணப்படவில்லை.'

ராய்ஸ்: காலையில நான் கயிறை எடுக்கறதுக்கு முன்னாடி சும்மா கையை நீட்டினேன். பந்தியில உட்கார்ந்த மாதிரி வாயைத் திறந்துட்டு வந்து நிக்குது. ரொட்டி போட்டுப் பழக்கினது யாரு, டென்வர்க்காரனா?

ட்வைலா: கல்யாணத்துக்கு வர்றவங்க போடறாங்க. வேண்டாம்னா முகத்தைத் தூக்கி வெச்சுக்கறாங்க.

ராய்ஸ்: அது சட்டப்படி குத்தம்.

ட்வைலா: விருந்தாளியைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்றியா?

ராய்ஸ்: சேச்சே. அவங்களை மாலை போட்டு வழியனுப்பிட்டு ஹென்றியைப் பிடிச்சுக் குடுங்க. அவருக்குத்தான் வக்கீல் கிடையாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ட்வைலா: அது என்ன ரிசார்ட் வளக்கற பிராணியா? கரை எங்களுது. தண்ணி அரசாங்கத்துது. தண்ணியில இருக்கறதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?

ராய்ஸ்: அதுவும் சரிதான். முதலை கடிக்கற வரைக்கும் அரசாங்கத்துது. கடிச்ச பிறகு கடி வாங்கினவனுது. நாலாவது?

ட்வைலா: நாலாவது... அது உனக்குத் தெரிஞ்சதுதான்.

ராய்ஸ்: படியேன்.

ட்வைலா: எதுக்கு? அஞ்சாவதுக்குப் போறேன்.

ராய்ஸ்: ...சரி. போ.

ட்வைலா: அஞ்சு. 'மேற்படி நபர் அபாயத்தை அறிந்தே தண்ணீரில் இறங்கினார்.' இதுக்குக் கீழ அவர் மனைவி கையெழுத்து. பக்கத்துல சாட்சியா நீ.

ராய்ஸ்: அந்தம்மா இதுல எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?

ட்வைலா: போடுவாங்க. ராத்திரி பூரா 'என்னாலதான், என்னாலதான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

ராய்ஸ்: ஏன்?

ட்வைலா: அவர் கரையிலதான் நின்னிருக்கார். 'இன்னும் ஒரு அடி பின்னாடி போங்க'ன்னு இவங்கதான் சொன்னாங்களாம். அஸ்தமனம் முழுசா படத்துல விழணும்னு.

ராய்ஸ்: அதை நீ கெட்டியாப் பிடிச்சுக்கிட்ட.

ட்வைலா: நான் பிடிக்கல. டென்வருக்கு போன்ல சொன்னேன். அவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

ராய்ஸ்: பதிலுக்கு என்ன?

ட்வைலா: அடுத்த வருஷம் ஒரு வாரம் இங்க இலவசமா தங்கலாம். ஏரியைப் பாத்த அறை.

ராய்ஸ்: மிச்சம் இருக்கற காலையும் கொண்டு வரச் சொல்றீங்களா?

ட்வைலா: ராய்ஸ்.

ராய்ஸ்: சொல்லு.

ட்வைலா: இந்த வேலை போனா எனக்கு வேற என்ன இருக்கு? பதினோரு வருஷமா இங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுச் சிரிச்சு, வீட்டுக்குப் போனா எனக்கு அழக்கூட முகம் வரதில்ல. உனக்கென்ன... எங்கயாவது ஒரு குளம், எங்கயாவது ஒரு ஹென்றி.

ராய்ஸ்: பொய்ச் சாட்சின்னு தெரிஞ்சா என் உரிமமும்தான் போகும்.

ட்வைலா: உண்மை தெரிஞ்சா மட்டும் இருக்குமா? நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போட்டுடு. ...இரு, பேசாதே. அவங்க வர்றாங்க.

ராய்ஸ்: யாரு?

ட்வைலா: அவர் மனைவி. சோல்வே. ...வாங்க மேடம், இப்படி நிழல்ல உட்காருங்க. கொஞ்சமாவது தூங்கினீங்களா?

சோல்வே: இல்லைங்க. அவருக்கு மாத்துத் துணி எடுக்க வந்தேன். ஏதோ கையெழுத்து வேணும்னு சொன்னீங்களே.

ட்வைலா: அவசரமே இல்ல. ஐஸ் போட்டு டீ சொல்லட்டுமா? இல்லன்னா அவிச்ச கடலை, சுடச்சுட...

சோல்வே: வேண்டாங்க. இவர் யாரு?

ராய்ஸ்: ராய்ஸ். இவங்க தம்பி. முதலை பிடிக்கறவன்.

ட்வைலா: அதாவது மேடம், இங்குள்ள இயற்கை...

சோல்வே: முதலைன்னே சொல்லுங்க. ஆர்னே ராத்திரி மயக்கத்துல அதையேதான் சொல்லிட்டிருந்தார். 'மிதக்கற மரக்கட்டைன்னு நினைச்சேன்'னு.

ராய்ஸ்: எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் மேடம்.

சோல்வே: உங்களுக்கும் அப்படித் தெரியுமா?

ராய்ஸ்: ...இல்லைங்க.

சோல்வே: எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஏரிதான். குளிர்காலத்துல உறைஞ்சு போனா அது மேல வண்டி ஓட்டுவோம். கோடையில எங்க தெருப் பிள்ளைங்க காலையில இறங்கினா இருட்டின பிறகுதான் ஏறும். இங்க 'நீந்த வேண்டாம்'னு பாத்ததும் ஆர்னே என்ன சொன்னார் தெரியுமா? கரையில காவலுக்கு ஆள் இருக்காது, அதனால போட்டிருப்பாங்கன்னார். நீந்தவும் இல்ல. எதுல என்ன எழுதியிருக்கோ அதை மீறாத மனுஷன்.

ட்வைலா: மனசைத் தேத்திக்குங்க மேடம். நம்ம கையில என்ன இருக்கு...

சோல்வே: ஒண்ணு கேக்கணும். ஹென்றி யாரு?

ட்வைலா: ...எந்த ஹென்றி?

சோல்வே: ஆர்னே அலறினப்ப படகுத்துறையில நின்ன ஆள் வாக்கிடாக்கியை எடுத்துக்கிட்டு 'ஹென்றி, ஹென்றி'ன்னு கத்தினார். காவல்காரரைக் கூப்பிடறார்னு நினைச்சேன். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். 'ஹென்றி, சீக்கிரம் வாங்க, ஹென்றி'ன்னு. யாரும் வரல. ஆர்னேதான் உதைச்சு உதைச்சு விடுவிச்சுக்கிட்டார். அவ்வளவு கூப்பிட்டும் ஏன் வரலைன்னு அந்த ஆளை ஒரு வார்த்தை கேக்கணும்.

ட்வைலா: மேடம், அவர் நேத்து விடுப்புல...

ராய்ஸ்: வந்தார் மேடம். அவர்தான் முதல்ல வந்தது. இப்ப என் வண்டியில இருக்கார்.

சோல்வே: உங்க வண்டியில... தார்ப்பாய் போட்டு...

ராய்ஸ்: ஆமாங்க.

சோல்வே: பேர் வெச்சிருக்கீங்க.

ட்வைலா: வேலை செய்யறவங்க சும்மா விளையாட்டுக்கு...

சோல்வே: எத்தனை நாளா?

ராய்ஸ்: மூணு வருஷமா.

ட்வைலா: நீ போய் வண்டியைப் பாரு. வெயில் ஏறுது.

ராய்ஸ்: ஏறட்டும். அவருக்குப் பழக்கம்தான்.

சோல்வே: அந்தத் தாளைக் குடுங்க. ...ரெண்டு, புதிதாக வந்தது. சரி. நாலு. 'முதலையின் படத்துடன் கூடிய எச்சரிக்கைப் பலகை, சம்பவ நேரத்தில் கரையோரக் கம்பத்தில் பார்வையில் படும்படி இருந்தது.' இருந்துச்சா?

ட்வைலா: வழக்கமா எல்லாக் கரையிலயும்...

சோல்வே: நேத்து நாற்பது படம் எடுத்தேன். பாதிக்கு மேல அந்தக் கம்பம் இருக்கு. நான் எதைக் கவனிக்காம விட்டேன்னு ராத்திரி பூரா பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். கீழ 'நீந்த வேண்டாம்'. அதுக்கு மேல வெறும் மரம். நாலு ஸ்க்ரூ போன துளை. கம்பம் பூரா வெயில்ல வெளுத்துப் போயிருக்கு, அந்தச் சதுரம் மட்டும் புது மரம் மாதிரி இருக்கு. ஏதோ ஒண்ணு அங்க இருந்திருக்கு. யாரோ எடுத்திருக்காங்க. ஆர்னே நின்ன இடத்துல இருந்து நாலே அடி. தலைமையகத்துல எடுக்கச் சொன்னாங்களா?

ட்வைலா: ஆமாங்க... எல்லாம் அங்க இருந்து வர்ற உத்தரவுதான். நாங்க சம்பளத்துக்கு வேலை செய்யறவங்க. எங்க கையில என்ன...

ராய்ஸ்: அக்கா.

ட்வைலா: நீ சும்மா இரு.

ராய்ஸ்: காலையில இருந்து டென்வர்க்காரனைக் கிண்டல் பண்ணிப் பண்ணி என் வாய் கசந்து போச்சு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

சோல்வே: யாராவது ஒருத்தர் சொல்லுங்க. மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து, 'என்ன ஆச்சு சோல்வே'ன்னு கேப்பார். 'நான்தான் உங்களைப் பின்னாடி போகச் சொன்னேன்'னு சொல்லப் போறேன். அது முழு உண்மை இல்லைன்னா, எனக்கு இப்பவே தெரியணும்.

ட்வைலா: ...மார்ச் மாசம் ஒரு கல்யாணம். அந்தப் பொண்ணு, போட்டோவுல எனக்குப் பின்னாடி முதலை படம் தெரியுதேன்னு அழுதா. ரிசார்ட் ஆளை வெச்சு எடுக்கணும்னா டென்வருக்கு எழுதணும். அதனால இவனைக் கூப்பிட்டு, ஒரு சாயங்காலத்துக்குக் கழட்டிக் குடுடான்னேன். கழட்டினான். அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம், அதுக்கடுத்த வாரமும் ஒண்ணு... திரும்ப மாட்டவே இல்ல. இப்ப இவன் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மேல கூரையா கிடக்கு. நாலாவது வரியை டென்வர்க்காரங்க பொய்யா எழுதலங்க. பலகை அங்கயேதான் இருக்குன்னு அவங்க நம்பிட்டிருக்காங்க. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. அவர் கண்ணைத் திறந்து கேட்டா, ட்வைலான்னு என் பேரைச் சொல்லுங்க.