பச்சையப்பன் அடைத்த ஓட்டை

விளக்கு வைக்கிற நேரம். வடமாலபேட்டையிலிருந்து மலையடிவாரத்து அணைக்குப் போகும் வண்டித்தடம். ஆள் நடமாட்டமே இல்லை. விடாமல் பெய்த மழை அப்போதுதான் நின்றிருந்தது...

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது என் தோழி இந்திராணியின் சித்தப்பா பச்சையப்பனுக்கு நடந்தது. ஆந்திரம் தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள். அந்தச் சின்ன அணையை யாரும் தொடவில்லை. இந்தப் பக்கத்து அதிகாரியும் சரி, அந்தப் பக்கத்து அதிகாரியும் சரி, எல்லை முடிவாகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மண்கரையில் முள்செடி முளைத்தது. எலி வளை தோண்டியது.

வண்டி நிறைய வைக்கோல். ஓட்டுவது பச்சையப்பன், பக்கத்தில் மனைவி தாட்சாயணி.

"உங்க நைனா குடுத்த மாடு. நடக்கறதுக்கே நாள் பாக்குது."

"மாடு நல்லாத்தான் கீது. ஓட்டற ஆளுதான் தூங்கிக்கினு கீது" என்றார் தாட்சாயணி.

கரைமேல் ஏறியதும் ஒரு சத்தம். கொப்... கொப்... கரையின் வெளிப்பக்கத்து அடியில் தண்ணீர் கொப்பளித்தது. பழைய சேற்றின் நாற்றம். பச்சையப்பன் இறங்கிப் போய்க் கையில் அள்ளிப் பார்த்தார்.

"தெளிவா வந்தா பயமில்ல, தாட்சி. இது சேறா வருது. உள்ள மண்ணு கரைஞ்சிக்கினு கீது."

கரைக்குக் கீழேதான் ஊர். அவர்களுடைய கைக்குழந்தை அங்கே அத்தையிடம் இருந்தது. ஓடிப்போய் ஆள் கூட்டி வரும்வரை கரை தாங்காது.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் முங்கி, உள்பக்கத்து ஓட்டையைத் தேடி வைக்கோல் திணிப்பார். இன்னொருவர் கரையோரம் உட்கார்ந்து, தண்ணீருக்கு மேலே நீளும் கையில் பிடிபிடியாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பேச மாட்டார்கள். பேசினால் மூச்சு போகும்.

பச்சையப்பன் குதித்தார். ஓட்டை அவர் கையைத் தோள்வரை உறிஞ்சியது. உதறி விடுபட்டபோது மதகுப் பக்கம் இழுத்த நீரோட்டம் அவரை உருட்டிக்கொண்டு போனது. தூரத்தில், மதகுத் தூணைப் பிடித்துத் தலை தூக்கினார்.

வண்டியின் லாந்தர் வெளிச்சத்தில் தாட்சாயணி குனிந்து வைக்கோல் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரிலிருந்து ஒரு கை நீண்டது. வாங்கியது. முங்கியது. மறுபடி நீண்டது...

கூப்பிட வாய் திறந்தார். கீழே ஊரில் விளக்குகள் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டார்.

வண்டி காலியாகும்வரை தூணைப் பிடித்தபடியே இருந்தார். கொப்பளிக்கும் சத்தம் நின்றது. அப்புறம்தான் கரையேறி மனைவியின் பின்னால் போய் நின்றார்.

தாட்சாயணி திரும்பினார். அவரைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"மாமா... நீ இங்க கீற. அப்ப நான் இவ்ளோ நேரம் யாருக்குக் குடுத்துக்கினு இருந்தேன்?"

கோடையில் அணை வற்றியது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓட்டையைப் பார்க்க ஊரார் இறங்கினார்கள். ஓட்டையைக் காணோம். கரையின் உள்பக்கம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, களிமண் பூசி மெழுகியிருந்தது. எங்கே பார்த்தாலும் விரல் தடங்கள்.

பச்சையப்பன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

ஈரமாக இருந்தது.