கொள்ளிடக் கரையில் பதினோரு தூர் வெட்டிவேர்

1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி, உடையார்பாளையம் தாலுகா திருமானூர் படித்துறையில், ஹெட் கான்ஸ்டேபிள் முன்னிலையில் மருதாயி என்பவள் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் மருதாயி. வயது சுமார் நாற்பத்தெட்டு. காலஞ்சென்ற வீரமுத்துவின் மனைவி. திருமானூரில் குடியிருக்கிறேன். கொள்ளிடப் படுகையில் வெட்டிவேர் தோண்டித் தட்டி பின்னி விற்பது ஜீவனம். கரையில் வேர் தோண்டியது நீதானா என்று ஐயா கேட்கிறீர்கள். நான்தான். ஊரெல்லாம் சாட்சி தேடியிருக்க வேண்டாம், என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

வரதராஜன்பேட்டை சவரியார் என்பவர் ரங்கூனில் கம்பவுண்டராக இருந்து, குண்டு விழுந்த வருஷம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளை நீலத்தநல்லூர் துறைவரை கொண்டுபோய்விட, அறை வைத்த சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறார். அறைக்குத் தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப்பானைதான். அவர் ஆனி மாதம் என்னிடம் வந்து, ரங்கூனில் துரைமார் படகுகளில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் சொட்டவிடுவார்கள், உள்ளே மார்கழி மாதிரி இருக்கும், அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றார். படுகை வேரில் பின்னிக் கொடுத்தேன். அவர் கூரைமேல் காலி மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் வைத்து, துளை போட்ட குழாய் ஒன்றை அதிலிருந்து இறக்கி, படகின் முன் சன்னலில் தட்டியைக் கட்டினார்.

அதன் பிறகு வெள்ளோட்டம் விட்டோம். அரை மைல் போவதற்குள் கம்பவுண்டர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டு வெளியே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆறும் கெழக்க ஓடுது, ஆடிக் காத்தும் கெழக்க ஓடுது. முன்னாடி கட்டுன தட்டிக்குள்ள காத்து எங்கேருந்து வருமுங்க? பின்னாடி கட்டுங்க" என்றேன். "ரங்கூன்ல முன்னாடிதான் கட்டுவாங்க" என்றார். "அப்ப ரங்கூன் காத்த வரச் சொல்லுங்க" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாமாகவே வந்து, பின்பக்கம் வாசல் பெரிது, அதற்குப் பெரிய தட்டி வேண்டும் என்றார். அதற்குள் அணை திறந்து படுகை முழுக்கத் தண்ணீர். தை மாதம் வரை வேர் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஆடிப்பெருக்குக்கு மறுநாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் பூங்காவனத்துக்குக் கை கால் வீங்கி, சூடு தாங்காமல் இரண்டு தரம் மயக்கம் வந்தது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, வண்டியில் குலுக்கினால் ஆபத்து, படகில்தான் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் அந்தத் தகர அறையில் இவள் தாங்குவாளா என்று கையைப் பிசைந்தார். ஒற்றைப் பெண். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

சர்க்கார் கரையில் மண் பிடிப்புக்கு வைத்த வேர், தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தோண்டினேன். பதினோரு தூர். அப்போது கரைக் காவல்காரன் அமாவாசை வந்து, "ஏ மருதாயி, கரையப் பேத்துக்கிட்டு நிக்கிறியே, வெள்ளம் வந்தா ஒங்கப்பனா வந்து அடைப்பான்?" என்று கத்தினான். "எம்மவ பொழச்சு வரட்டும், நானே வந்து குறுக்கப் படுத்துக்கறேன் போடா" என்றேன். அவன் பேரில் எனக்குக் கோபமில்லை. அவன் வேலையை அவன் செய்தான். ஆனால் அவன் பிராதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் வேரை அறுத்த தூரை வீசுவதில்லை. ஒரு சாண் வேர் விட்டு, அதே குழியில் திரும்ப நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுத்தான் வந்தேன்.

அதன் பிறகு பொழுது சாய்வதற்குள் தட்டியைப் பின்னி, மறுநாள் விடியலில் பின்வாசலில் கட்டிப் படகை விட்டோம். வேர் எங்கே கிடைத்தது என்று கம்பவுண்டர் கேட்டார். கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். காற்று ஈரத் தட்டியில் நுழைந்து அறையெல்லாம் குளிர்ந்து மணத்தது. உச்சிவேளையில் பூங்காவனம் கண்ணைத் திறந்து, "அம்மா, குளுருது, அந்தப் பொடவைய எடுத்துப் போத்து" என்றாள். ஆடி வெயிலில், தகரத்துக்குக் கீழே! போர்த்திவிட்டேன். அவள் தூங்கினாள். நான் அழுதேன். கம்பவுண்டர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையிலிருந்து டோலியில் தூக்கிப் போனோம். அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

நான் ஊர் திரும்பியபோது, கம்பவுண்டர் முன்னமே கொண்டுவந்திருந்த படகை, திருட்டு வேர் ஏற்றியது என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கம்பவுண்டருக்கு ஒன்றும் தெரியாது. நட்டதில் ஒன்பது தூர் துளிர்த்திருக்கிறது, பட்டுப்போன இரண்டுக்கு வேறு வைத்துவிட்டேன். அபராதமோ ஜெயிலோ, சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கு மகளைப் பிள்ளையோடு அனுப்புகிறார்கள். தையல் போட்ட உடம்பு, வண்டியில் ஏற்றாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். படகு போய்ச் சேர ஒரு பகல் ஆகும். ஆகையால் இன்றே படகை விட்டால்தான் உண்டு.

வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதே எழுதியிருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. ஆனால் படகின் சங்கிலியை அவிழ்ப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரேகை வைப்பேன்.

(அவ்விதமே அவிழ்த்துக் காட்டப்பட்டது.)

மருதாயி, பெருவிரல் ரேகை.